ஏலத்தாளைக் கேட்டீர்களா?

ஜப்பானில் ஓடிய மகிழுந்துகள் 'ரீகோன்' என்ற பெயரில் மலேசியாவுக்கு வருகின்றன. அங்கு ஏலத்திற்கு விடும்போதே வண்டிக்கு ஏலத்தாள் ஒன்று எழுதப்படுகிறது. ஓடிய தூரம், தர எண், கீறல், பழுது ஆகியவை அதில் இருக்கும். தரக் கட்டத்தில் 'ஆர்' என்றிருந்தால் விபத்துப் பழுது பார்க்கப்பட்ட வண்டி எனப் பொருள்.

நான் அதைக் கேட்கவில்லை. பளபளப்பில் மயங்கி, ஒன்பதாண்டுக் கடனுக்குக் கையொப்பமிட்டேன். மீட்டரில் 40,000 கிலோமீட்டர். அடிச்சட்ட எண்ணைக் கொண்டு பின்னர் பெற்ற ஏலத்தாளில் 90,000! "வினாவை முழுமையாகப் படித்துவிட்டு விடை எழுது" என்று மாணவர்களுக்கு நாள்தோறும் சொல்பவன் நான்.

கேட்காமலேயே ஏலத்தாளைக் கொடுப்பதுதான் நேர்மையான வணிகம் என்பது என் கருத்து. பெற்றோர்களே, ஆசிரியர்களே, அதைக் காட்டத் தயங்குபவரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள்.