இரண்டு பேர் போதும்

1936 ஜனவரி மாதக் கடைசி. ரஷ்யாவின் வடக்கே உள்ள ஆர்க்காங்கெல்ஸ்க் நகரம். கச்சேரிக்காக வந்திருந்த, முப்பது வயது நிரம்பாத இசையமைப்பாளர் ஒருவர் 'பிராவ்தா' நாளிதழை வாங்கிப் பிரிக்கிறார். மூன்றாம் பக்கத்தில் அவருடைய ஓபராவைக் கிழித்து ஒரு கட்டுரை. எழுதியவர் பெயர் இல்லை. தலைப்பு, 'இசைக்குப் பதில் குழப்பம்'. இரண்டு நாள் முன்புதான் மாஸ்கோவில் ஸ்டாலின் அந்த ஓபராவைப் பார்த்திருந்தார். பெயரில்லாத அந்தக் கட்டுரை யாருடைய குரல் என்று அந்த நாட்டில் யாருக்கும் விளக்கத் தேவையிருக்கவில்லை.

இசையமைப்பாளர், ஷோஸ்டகோவிச். உடன் வந்திருந்தவர் செல்லோ வாத்தியக்காரர் விக்டர் குபாட்ஸ்கி. ஷோஸ்டகோவிச்சின் செல்லோ சொனாட்டாவை 1934 டிசம்பரில் லெனின்கிராடில் அரங்கேற்றியவர்கள் இந்த இருவர்தான்.

வயலின் குடும்பத்தில் கனத்த குரல் செல்லோவுடையது. நாற்காலியில் உட்கார்ந்து, முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தி, வில் போட்டு வாசிக்க வேண்டும். நெடுங்காலம் அதன் முக்கிய வேலை பக்கவாத்தியம். அடி ஸ்வரங்களைத் தாங்கிப் பிடிப்பது. செல்லோவுக்கென்று எழுதப்பட்ட பழைய சொனாட்டாக்களிலும் விசைப்பலகைக்காரருக்குக் கீழ்ஸ்வரங்களும் சில எண்களுமே கொடுக்கப்படும். மீதியை அவரே இட்டு நிரப்பிக்கொள்வார். 1796இல் பெர்லினில், செல்லோ பிரியரான பிரஷ்ய மன்னருக்காக பீத்தோவன் இரண்டு சொனாட்டாக்கள் எழுதியபோது பியானோவின் பங்கையும் முழுமையாக எழுதி, இரண்டையும் பேசவிட்டார். 1808இல் முடித்த மூன்றாவது சொனாட்டாவில் செல்லோதான் தனியாகப் பேச்சைத் தொடங்குகிறது. அதிலிருந்து செல்லோ சொனாட்டா என்பது சரிசமமான இருவரின் உரையாடல்.

ஷோஸ்டகோவிச்சுக்கு இந்தச் சிறிய வடிவம் எப்படி உதவியது என்பதைப் பாருங்கள். ஓபராவுக்கு அரங்கம் வேண்டும், பாடகர்கள் வேண்டும், அனுமதி வேண்டும். அந்தக் கட்டுரைக்குப் பிறகு அவருடைய ஓபரா மேடையிலிருந்து மறைந்தது. நான்காவது சிம்பொனி ஒத்திகை நடந்துகொண்டிருந்தபோதே அதே வருடம் டிசம்பரில் திரும்பப் பெறப்பட்டது. அதைக் கேட்க உலகம் 1961 வரை, இருபத்தைந்து வருடம், காத்திருந்தது. சொனாட்டாவுக்கோ இரண்டு பேரும் ஒரு பியானோவும் போதும்.

அந்த சொனாட்டாவில் அரசியல் ரகசியம் எதையும் தேட வேண்டியதில்லை. அடி விழுவதற்கு முன்பு எழுதியது அது. முதல் பகுதியில் நீண்ட இனிமையான மெட்டு, இரண்டாவதில் முரட்டு நடனம், மூன்றாவதில் ஆழத்திலிருந்து எழும் துயரம், கடைசியில் குறும்பு. ஒரு மனிதன் அச்சமில்லாமல் எழுதினால் எப்படி இருக்கும் என்பதற்கு அது சாட்சி. அதனால்தான் பிறகு நடந்தது கூடுதலாக வலிக்கிறது.

ஆனால் சிறிய வடிவம் என்பதற்காக அதிகாரம் எப்போதும் காதைப் பொத்திக்கொள்வதில்லை. 1948இல் கட்சி மறுபடி சாட்டையை எடுத்தது. ஷோஸ்டகோவிச்சுடன் புரோகோஃபியெவும் கண்டிக்கப்பட்டார். அடுத்த வருடம், உடல் நலிந்த நிலையில், புரோகோஃபியெவ் ஒரு செல்லோ சொனாட்டா எழுதினார். வாசிக்க முன்வந்தவர்கள் இளைஞர் ரோஸ்ட்ரபோவிச்சும் பியானோ மேதை ரிக்டரும். பொதுமக்கள் கேட்பதற்கு முன்பு இசையமைப்பாளர் சங்கத்தில் வாசித்துக் காட்ட வேண்டியிருந்தது. மறுபடி இன்னொரு கூட்டத்திலும் வாசித்துக் காட்டினார்கள். இது சிறந்த படைப்பா அல்லது மக்களுக்கு விரோதமானதா என்று அங்கே முடிவு செய்வார்கள். 1950 மார்ச் 1 அன்றுதான் மாஸ்கோ இசைக்கல்லூரியின் சிறிய அரங்கில் அது பொதுமேடை ஏறியது. ரோஸ்ட்ரபோவிச்சுக்கு அப்போது இருபத்திரண்டு வயது.

அவரே இந்தக் கதையை எல்லை தாண்டிக் கொண்டுபோனார். 1960 செப்டம்பரில் லண்டனில் ஷோஸ்டகோவிச்சின் செல்லோ கான்செர்ட்டோவை வாசித்தார். ஷோஸ்டகோவிச்சோடு உட்கார்ந்து கேட்ட ஆங்கில இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டெனிடம், எனக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று வற்புறுத்தினார். பிரிட்டென் எழுதியது ஒரு செல்லோ சொனாட்டா. 1961 ஜூலையில் ஆல்ட்பரோ விழாவில் இருவரும் அதை அரங்கேற்றினார்கள். அவருக்கு ஆங்கிலம் வராது, இவருக்கு ரஷ்ய மொழி வராது. உடைந்த ஜெர்மனில் சமாளித்தார்கள். அந்த சொனாட்டாவின் முதல் பகுதிக்குப் பெயர் 'உரையாடல்'. அடுத்த மாதம்தான் பெர்லினில் சுவர் எழும்பத் தொடங்கியது.

1970இல் எழுத்தாளர் சோல்ஜெனித்சினுக்காகக் குரல் கொடுத்த ரோஸ்ட்ரபோவிச் 1974இல் நாட்டை விட்டுப் போனார்; 1978இல் குடியுரிமையைப் பறித்தார்கள். 1989 நவம்பரில் பெர்லின் சுவர் திறந்ததும் செல்லோவைத் தூக்கிக்கொண்டு ஓடி, சுவரோரம் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து பாக் வாசித்தார்.

ஷோஸ்டகோவிச் பியானோவிலும் ரோஸ்ட்ரபோவிச் செல்லோவிலும் அந்த 1934 சொனாட்டாவை வாசித்த ஒலிப்பதிவு இருக்கிறது. மேற்கத்திய சங்கீதம் பழக்கமில்லாதவர்களும் மூன்றாவது பகுதியிலிருந்து தொடங்கலாம். ஒருவர் பேசும்போது மற்றவர் எப்படிக் காத்திருக்கிறார் என்பதை மட்டும் கவனியுங்கள். அவர்களை ஆண்டவர்களுக்குக் கடைசிவரை கைவராத பழக்கம் அது.