பசுமைப் பயணமும் நிறுவனங்களின் பொறுப்பும்

தில்லியிலும் அதனைச் சூழ்ந்துள்ள குருகிராம், நொய்டா, காசியாபாத், ஃபரிதாபாத் ஆகிய நகரங்களிலும் பல இலட்சம் மக்கள் நாள்தோறும் பணிக்குச் சென்று திரும்புகின்றனர். குளிர்காலம் தொடங்கியதும் இந்நகரங்களின் மேல் புகைமூட்டம் கவிகிறது. அறுவடைக்குப் பின் நெற்பயிரின் தாள்களை வயலிலேயே எரிப்பதும், கட்டடப் பணிகளில் எழும் தூசியும், காற்று வீசாமல் ஓய்ந்துவிடுவதும் இதற்குக் காரணங்களாகும். சாலையில் ஓடும் வாகனங்களின் புகையும் முதன்மையான காரணங்களுள் ஒன்று. 2016ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் தில்லிப் பள்ளிகள் மூன்று நாள்கள் மூடப்பட்டன. 2024 நவம்பரில் வகுப்புகள் இணையவழிக்கு மாறின. பெரியவர்கள் பணிக்குச் செல்லும் முறைக்கும் சிறுவர்கள் திடலில் ஓடி விளையாடுவதற்கும் நெருங்கிய தொடர்பு உண்டு என்பதை இந்நிகழ்வுகள் உணர்த்துகின்றன.

காற்றைத் தூய்மையாக்க அரசு பல முயற்சிகளை மேற்கொண்டுள்ளது. உச்ச நீதிமன்றம் 1998இல் பிறப்பித்த ஆணையின்படி தில்லிப் பேருந்துகள் அனைத்தும் இயற்கை எரிவாயுவுக்கு மாறின. 2002 டிசம்பரில் மெட்ரோ இரயில் ஓடத் தொடங்கியது. 2016 ஜனவரியில் 15 நாள்கள், ஒற்றைப்படை எண்ணுடைய மகிழுந்துகள் ஒருநாளும் இரட்டைப்படை எண்ணுடையவை மறுநாளுமாக ஓட விதி செய்யப்பட்டது. இவற்றுள் சில அரசின் கடமைகள். சில தனிமனிதருக்கு விதிக்கப்பட்ட கட்டுப்பாடுகள். இவ்விரண்டுக்கும் இடையே நிற்கும் நிறுவனங்களின் பொறுப்பைப் பற்றிப் போதிய அளவு பேசப்படுவதில்லை.

பணிக்கு எப்படிச் செல்வது என்பது ஊழியரின் சொந்த விருப்பம் என்று பலரும் கருதுகின்றனர். அது பாதி உண்மையே. மகிழுந்தை நிறுத்த அலுவலகம் இலவசமாக இடம் தருகிறது. எரிபொருளுக்குப் படியும் வழங்குகிறது. மெட்ரோவில் வருபவருக்கு எச்சலுகையும் இல்லை. அனைவரும் ஒரே நேரத்தில் வந்து ஒரே நேரத்தில் திரும்ப வேண்டும் என்பதும் அலுவலகத்தின் விதியே. இந்நிலையில் ஊழியர் மகிழுந்தைத் தேர்ந்தெடுத்தால், அத்தேர்வில் நிறுவனத்துக்கும் பங்குண்டு.

ஒரு சிறு கணக்கு இதனை விளக்கும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரியும்போது ஏறத்தாழ 2.3 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. ஒருவர் நாள்தோறும் போகவர 60 கி.மீ. மகிழுந்தில் செல்வதாகவும், அது லிட்டருக்கு 15 கி.மீ. ஓடுவதாகவும் கொள்வோம். ஒரு நாளைக்கு 4 லிட்டர் செலவாகும். ஏறத்தாழ 9 கிலோ கரியமில வாயு வெளியாகும். மாதத்தில் 22 வேலை நாள்கள் எனில் அது 200 கிலோவாகிவிடும். அதே வண்டியில் நால்வர் சேர்ந்து சென்றால் ஒவ்வொருவரின் பங்கும் 50 கிலோவாகக் குறையும்.

நிறுவனங்கள் செய்யக்கூடியவை பெரும் செலவு பிடிப்பவை அல்ல. மயூர் விகாரில் வசிக்கும் ஒருவர் மெட்ரோவில் ஏறி, இராஜீவ் சௌக்கில் வண்டி மாறிக் குருகிராமுக்குச் செல்ல முடியும். ஆனால் நிலையத்திலிருந்து அலுவலகம் மூன்று கி.மீ. தொலைவில் இருந்தால், அந்த மூன்று கி.மீ. அவரை மீண்டும் மகிழுந்துக்கே திருப்பிவிடும். நிலையத்துக்கும் அலுவலகத்துக்கும் இடையே நிறுவனம் ஒரு சிற்றுந்தை இயக்கினால் இத்தடை நீங்கும். எரிபொருட்படிக்கு இணையாக மெட்ரோ, பேருந்துக் கட்டணத்துக்கும் படி வழங்கலாம். பிரான்சு நாட்டில், ஊழியரின் மாதாந்திரப் பொதுப் போக்குவரத்துச் சீட்டுக்கு ஆகும் செலவில் பாதியை நிறுவனம் ஏற்க வேண்டும் என்று சட்டமே உள்ளது. பணிநேரத்தைச் சற்று முன்பின்னாக அமைத்தால் சாலை நெரிசலும் மெட்ரோ நெரிசலும் குறையும். மிதிவண்டியில் வருவோருக்குப் பாதுகாப்பான நிறுத்துமிடமும் உடைமாற்றும் அறையும் வேண்டும்.

அலுவல் நிமித்தமான வெளியூர்ப் பயணங்களிலும் மாற்றம் தேவை. பதவி உயர்ந்தால் விமானம் என்பது பல அலுவலகங்களில் வழக்கமாகிவிட்டது. தில்லியிலிருந்து சண்டிகர் ஏறத்தாழ 250 கி.மீ.; சதாப்தி விரைவு இரயில் மூன்றரை மணி நேரத்தில் சென்றுவிடும். விமானம் பறக்கும் நேரம் குறைவே. ஆயினும் விமான நிலையத்துக்குச் செல்வதும், அங்குச் சோதனைக்குக் காத்திருப்பதும் சேர்ந்தால் மிச்சமாகும் நேரம் மிகக் குறைவு. இத்தகைய தொலைவுகளுக்கு இரயிலே முதல் தெரிவு என்று நிறுவனங்கள் விதி வகுக்கலாம். ஒருமணி நேரக் கூட்டத்துக்காகச் சென்னைக்குப் பறப்பதைவிடக் காணொளிக் கூட்டம் சிறந்தது. பெருந்தொற்றுக் காலம் அதனை அனைவருக்கும் பழக்கிவிட்டது.

இக்கருத்துக்கு மறுப்புகளும் உண்டு. இரவுப் பணி முடித்துத் திரும்பும் பெண்களும், மாற்றுத்திறனாளிகளும், பல இடங்களுக்கு அலைந்து பணிபுரிவோரும் மெட்ரோவையே நம்பியிருக்க இயலாது என்பர். அது நியாயமே. அவர்களுக்கு நிறுவனமே வாகன வசதி செய்துதர வேண்டும். ஒரே வழியில் செல்வோரை ஒரே வண்டியில் சேர்த்து அனுப்பினால் பாதுகாப்பும் குறையாது, புகையும் குறையும். மெட்ரோ ஓடத் தேவையான மின்சாரத்துக்கும் நிலக்கரி எரிக்கப்படுகிறதே என்று சிலர் வினவுவர். உண்மைதான், ஆனால் ஓர் இரயில் ஒரே நேரத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைச் சுமக்கிறது. மேலும், மத்தியப் பிரதேசத்தின் ரேவா சூரிய மின் நிலையத்திலிருந்தும் தில்லி மெட்ரோ மின்சாரம் பெற்றுவருகிறது.

2024 நவம்பரில் காற்று மிகவும் கெட்டபோது, தில்லி அரசு தன் ஊழியருள் பாதிப் பேரை வீட்டிலிருந்தே பணிபுரியச் செய்தது. நிறுவனம் மனம் வைத்தால் ஒரே நாளில் ஆயிரக்கணக்கான பயணங்கள் குறையும் என்பதற்கு இது சான்று. மூச்சுத் திணறும்போது மட்டும் செய்வதை ஆண்டு முழுவதும் திட்டமிட்டுச் செய்தால் அத்தகைய நாள்களே குறையும். ஊர் கூடித்தான் தேர் இழுக்க வேண்டும். அரசு வடம் பிடித்துள்ளது, மக்களும் பிடித்துள்ளனர். நிறுவனங்களும் கைகொடுத்தால் தேர் விரைந்து நகரும்.