தக்கையில் கடைந்த பேனா

பாட்டிலைத் திறந்ததும் குப்பைக்குப் போகிற பொருள் தக்கை. அதைக் கடைந்து அழகான பேனா செய்கிறார்கள் வெளிநாட்டுக் கைவினைக்காரர்கள். தாமிரபரணிக் கரைக்கு இந்த வேலை அவ்வளவு அந்நியமில்லை. ஆற்றின் மேல்பகுதியில் இருக்கும் அம்பாசமுத்திரம் மரச்சொப்புக் கடைசலுக்குப் பேர்போனது. ஆறு கடலில் சேரும் புன்னக்காயலுக்கோ எழுத்தோடு உறவு உண்டு. இங்கே பணியாற்றிய அண்ட்ரிக் அடிகளார் தமிழாக்கிய ‘தம்பிரான் வணக்கம்’ 1578-ல் கொல்லத்தில் அச்சானது. அவருடைய தாய்நாடான போர்ச்சுகல்தான் இன்று உலகிலேயே அதிகம் தக்கை விளைவிக்கும் நாடு.

தக்கை என்பது ஒருவகை ஓக் மரத்தின் பட்டை. மரத்தை வெட்டாமல், சுமார் 9 ஆண்டுகளுக்கு ஒருமுறை பட்டையை மட்டும் உரித்தெடுப்பார்கள். 1665-ல் ராபர்ட் ஹூக் நுண்ணோக்கியில் தக்கையைப் பார்த்துத்தான் அதிலிருந்த சிறு அறைகளுக்கு ‘செல்’ என்று பெயர் வைத்தார். அந்த அறைகள் நிறையக் காற்று. அதனால்தான் தக்கை மிதக்கிறது. உளி பட்டால் பிய்ந்தும் போகிறது.

அதைப் பேனாவாக்கும் விதம் இது. ஒரு தக்கை பேனா நீளத்துக்குப் போதாது என்பதால் துண்டுகளைச் சேர்த்து ஒட்டுவார்கள். நடுவில் துளையிட்டு, பித்தளைக் குழாயைச் செருகிப் பசை வைப்பார்கள். பேனாவுக்கு பலம் தருவது இந்தக் குழாய்தான். நன்றாகக் காய்ந்த பிறகே லேத்தில் ஏற்ற வேண்டும். கூரான உளியால் மெல்ல மெல்லச் சீவ வேண்டும். அழுத்தினால் பிய்ந்துவிடும். உதிரும் இடங்களில் நீர்த்த சூப்பர் க்ளூவை ஊறவிட்டால் இறுகும். பள்ளங்களைத் தக்கைத் தூளால் நிரப்பலாம்.

பாதி வேலை மெருகில் இருக்கிறது. உப்புத்தாளால் தேய்த்து, சூப்பர் க்ளூவை மெல்லிய பூச்சாகப் பலமுறை பூசி, கடைசியில் பாலிஷ் போட்டால் கண்ணாடி போல மின்னும். கை வியர்வையும் அழுக்கும் உள்ளே இறங்காது. பசையின் ஆவி கண்ணை எரிக்கும் என்பதால் கண்ணாடி, முகக்கவசம், காற்றோட்டம் மூன்றும் கட்டாயம். ரீஃபில், கிளிப், முனை எல்லாம் செட்டாகவே கிடைக்கின்றன.

கையால் கடைந்த பேனா நம் நாட்டுக்குப் புதிதல்ல. ராஜமுந்திரி ரத்னம் பேனாவைப் பாராட்டி 1935-ல் காந்தியே கடிதம் எழுதினார். திருவள்ளூரில் ரங்கா பேனாக்களை இன்றும் எபோனைட்டில் கடைகிறார்கள். ரப்பரோடு கந்தகம் சேர்த்துச் சூடாக்கி இறுக வைத்த பொருள் அது.

பிளாஸ்டிக் பொம்மைகள் வந்த பிறகு மரச்சொப்புக்கு வாங்குவோர் குறைந்துவிட்டார்கள். சொப்புக்குப் பழகிய கைக்குப் பேனா எட்டாத வேலையில்லை. வேகமும் உளியின் கோணமும் ஏற்கெனவே தெரியும்; தக்கையின் குணத்தை மட்டும் பழக வேண்டும். எழுதித் தீர்ந்ததும் எறிகிற பேனாக்களுக்கு நடுவே, ரீஃபிலை மட்டும் மாற்றி ஆண்டுக்கணக்கில் எழுதும் ஒரு பேனாவுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்க ஆளிருக்கும். அந்தக் காசு ஒரு கடைசல் பட்டறையை ஓட வைக்கும்.