கோயில் இசையரங்கானால் குடிமுழுகிப் போமோ?

தேவாலயம் ஒன்று இசையரங்காயிற்று என்றவுடனே, “அடாது! அடாது!” என்று காதைப் பொத்திக்கொள்ளும் அன்பர் சிலர் நம்மிடையேயும் உளர். புனிதம் போயிற்றாம்; பக்தி பாழாயிற்றாம். அன்னவர் இலண்டன் நகரத்து ஸ்மித் சதுக்கத்திற்கு மனத்தாலேனும் ஒருமுறை சென்று வருவாராக.

அங்கே நிற்பது செயிண்ட் ஜான் ஆலயம். ஆன் அரசியார் காலத்தில், 1711ஆம் ஆண்டுச் சட்டப்படி, இலண்டனுக்கு வரும் நிலக்கரியின்மீது வரி விதித்து ஐம்பது கோயில்கள் எழுப்பத் திட்டமிட்டனர். எழுந்தவையோ ஏறக்குறையப் பன்னிரண்டே. குளிருக்கு அஞ்சிக் கரி வாங்கிய ஏழையும் அவ்வரியைச் சுமந்தான். நீ பக்தனா என்று அவனை எவரும் கேட்டிலர். அப்பணத்தில் தாமஸ் ஆர்ச்சர் வகுத்த இக்கோயில் 1728இல் முடிந்தது. நான்கு மூலைக்கும் நான்கு கோபுரம். கவிழ்த்துப் போட்ட கால்மணை என்று ஊரார் கேலி செய்தனர். நாவலாசிரியர் டிக்கன்ஸும் எள்ளினார். அழகோ அன்றோ, அது ஊரார் பொருள்.

1941 மே 10ஆம் நாள் இரவு ஜெர்மானியக் குண்டு வீழ்ந்தது. கூரை எரிந்தது, சுவர் நின்றது. பின்னர் இருபது ஆண்டுகளுக்கு மேலாக மழையும் வெயிலுமே அங்கு வழிபாடு நடத்தின! வழிபாட்டுக்கென அதற்கு மீண்டும் கூரை வேயப்படவேயில்லை. இசையரங்காக்க நிதி திரண்ட பின்னரே கூரை வந்தது. 1969இல் கதவு திறந்தது. ஜோன் சதர்லாண்ட் அம்மையார் பாடினார். புனிதம் பேசுவோரே, இடிந்த சுவரில் புல் முளைத்திருப்பதோ உமக்குப் புனிதம்?

“இசையும் ஒருவகை வழிபாடே” என்று சமாதானம் கூறுவோரும் உளர். அச்சமாதானமும் நமக்கு வேண்டுவதில்லை. சீட்டு வாங்கி நுழைந்து, கேட்டுக் கைதட்டி வீடு திரும்பும் இடம் அரங்கே. அதற்குப் பக்திச் சாயம் பூசுவானேன்? அங்குள்ள ஆர்கன் வாத்தியத்தைப் பாருங்கள்: 1734இல் செய்த மரக்கூட்டினுள் 1993இல் அமைந்தவை கிளைஸ் என்னும் ஜெர்மானியத் தொழிலகத்தார் படைத்த குழல்கள். குண்டெறிந்த நாட்டின் கைவேலை அங்கே இசைக்கிறது!

கோயில் காசு கேளாது, அரங்கு கேட்கிறதே என்பார்க்கு மட்டும் நாம் செவிசாய்ப்போம். எனினும், ஆங்கிலநாட்டுக் கோயில்கள் பலவற்றில் செல்வர் வாடகை கொடுத்து முன்னிருக்கையில் அமர, ஏழை பின்னே ஒதுங்கிய காலமும் உண்டு. இன்று அவ்வரங்கு, இளம் இசைஞர்க்குப் பயிற்சியளிக்கும் சவுத்பேங்க் சின்போனியாவோடு 2021 முதல் இணைந்துள்ளது. மெத்த நன்று. பாடுவார்க்கு இடம் கிடைத்தது. பையில் காசில்லாக் கேட்பார்க்கும் முன்வரிசையில் இடம் வேண்டும் என்று கேளுங்கள், உடன் நின்று நாமும் கேட்போம்.