பெயர் வைக்க யாருக்கு உரிமை?

ஒரே உடலில் பலராக வாழ்வதாகச் சொல்பவர்கள் தங்களை ‘சிஸ்டம்’ என்று அழைத்துக்கொள்வது வெறும் மேற்கத்திய மோஸ்தர், மருத்துவர் எழுதித் தரும் பெயர்தான் செல்லும் என்கிறது ஒரு வாதம். வாதிடுபவர்கள் சாரதாவின் கதையைப் படிக்கவில்லை போலும்.

1974-இல் நாக்பூரில் ஒரு மராத்திப் பெண் திடீரென வங்காள மொழியில் பேசத் தொடங்கினார். தன் பெயர் சாரதா என்றார். வங்காளச் சுமங்கலி போல உடுத்தினார். அந்த வேளைகளில் வீட்டாரின் மராத்தி அவருக்குப் புரியவில்லை. ஆராய்ந்த இயன் ஸ்டீவன்சனும் சத்வந்த் பஸ்ரிச்சாவும் மறுபிறவியின் பக்கம் சாய்ந்தார்கள். அவர் முன்பே வங்காள மொழியைக் கொஞ்சம் கற்றிருந்ததைச் சுட்டி ஐயப்பட்டவர்களும் உண்டு. சாரதாவோ தான் இறந்ததாகவே சொல்லவில்லை. பாம்பு கடித்து மயங்கியதாகத்தான் சொன்னார்! அவர் குறிப்பிட்ட குடும்பத்தின் வம்சாவளி வங்கத்தில் கிடைத்தது. அதில் ஆண்கள் பெயர் மட்டுமே; சாரதாவின் பெயர் இல்லை.

மருத்துவப் பெயராவது நிலையானதா? அமெரிக்க மனநலக் கையேட்டில் 1980-இல் ‘பல ஆளுமைக் கோளாறு’ என்றிருந்தது 1994-இல் ‘விலகல் அடையாளக் கோளாறு’ ஆனது. 2013-இல், வேறொருவர் தன்னுள் புகுந்ததாக உணரும் ஆவேச அனுபவமும் அதற்குள் வந்தது. சமூகம் ஏற்ற வழிபாட்டின் பகுதியாக இருந்தால் அது நோயில்லை. துன்பம் உண்டா, அன்றாட வாழ்க்கை தடைபடுகிறதா என்றும் கையேடு கேட்கிறது. துன்பப்படுகிறவருக்குச் சிகிச்சை வேண்டும்தான். அதற்காக அவர் தன்னைப் பற்றிச் சொல்வதைத் தள்ளிவிட வேண்டுமா?

மேற்கத்தியச் சரக்கு என்ற புகாருக்குக் கொல்கத்தாவே பதில். 1922-இல் அங்கே இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தைத் தொடங்கிய கிரீந்திரசேகர் போஸ், உளப்பகுப்பாய்வை உருவாக்கிய ஃப்ராய்டின் கருத்துகளை அப்படியே விழுங்கவில்லை. எதிரெதிர் விருப்பங்கள் என்ற தன் கோட்பாட்டோடு அவருடனேயே கடிதத்தில் வாதாடினார்.