படிக்கட்டை மாடியென்று விற்கலாமா?



மேற்குத் தொடர்ச்சி மலையின் மடியிலே, பிளவக்கல் அணை நீரால் நெல்லும் தென்னையும் செழிக்கும் சிற்றூர் கூமாப்பட்டி. 2025ஆம் ஆண்டு ஒரு காணொளியால் அதன் பெயர் நாடெங்கும் அடிபட்டது. மலையழகைக் காண வந்தோர் பலர். அங்கே வளரும் பிள்ளை மேற்கொண்டு என்ன படிக்கும் என்று கேட்டோர் எத்தனை பேர்?

வத்திராயிருப்பைக் கடந்து கிருஷ்ணன்கோவில் சேர்ந்தால், 1984இல் பொறியியல் கல்லூரியாகப் பிறந்து 2006இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமான கலசலிங்கம் நிற்கிறது. இத்தகைய தனியார் கல்விக்கூடங்கள் நாட்டில் பல. உளவியல் இளநிலைப் பட்டம் இன்று தனியார் கல்விச் சந்தையில் மவுசுள்ள சரக்கு. எந்தக் கூடத்தையும் பெயர் சுட்டிக் குறை கூறுவது நம் நோக்கமன்று. சரக்கை எடைபோடுவதே நோக்கம்.

மூன்றாண்டு படித்தவர் மனநோயாளிக்குச் சிகிச்சையளிக்கும் உளவியலாளர் ஆகிவிடுவாரா? ஆகார்! 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் ‘மருத்துவ உளவியலாளர்’ யார் என்று வரையறுத்திருக்கிறது. இந்திய மறுவாழ்வு மன்றம் ஏற்ற மருத்துவ உளவியல் தகுதி வேண்டும். அல்லது முதுநிலைப் பட்டமும், அதன்மேல் நோயாளிகளிடையே ஈராண்டு முழுநேரம் பயின்ற எம்.ஃபில். பட்டமும் வேண்டும். பொதுவான இளநிலைப் பட்டம் முதற்படி மட்டுமே. படிக்கட்டுக்குப் பணம் வாங்கலாம். மாடிக்கென்று சொல்லி வாங்கலாமா? தென்னந்தோப்பை ஒற்றி வைத்து மகளைச் சேர்க்கும் தகப்பனிடம் இதைச் சேர்க்கை நாளன்றே சொல்வதல்லவா நாணயம்?

பாடத்தின் உள்ளடக்கத்தையும் பாருங்கள். முதன்மையான அமெரிக்க உளவியல் ஏடுகளை ஆராய்ந்த ஆர்னெட் என்பார், அவற்றின் ஆய்வுகளில் இடம்பெற்றோரில் நூற்றுக்கு 96 பேர் மேலைத் தொழில்வள நாட்டினர் என்று 2008இல் கணக்கிட்டுக் காட்டினார். அவர்கள் மனத்தை அளந்த கோல் கொண்டு வத்திராயிருப்பு வயற்காட்டு மனத்தை அளப்பதா? “நெஞ்சு பாரமா இருக்குதய்யா” என்று களையெடுக்கும் தாய் சொன்னால், அதன் பொருளறிய ஆங்கிலப் பாடநூல் போதாது. தமிழில் கேட்கவும் தமிழில் சோதிக்கவும் மாணவரைப் பழக்குகிறார்களா, அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்கிறார்களா என்பதே என் முதற்கேள்வி. கட்டடத்தின் பளபளப்பு எனக்குப் பொருட்டன்று.

அப்படியானால் உளவியல் வேண்டாத கல்வியா? அல்லவே அல்ல! 2001 ஆகஸ்டு 6ஆம் நாள் இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்த மனநோயாளர் 28 பேர் தீக்கிரையாயினரே, மறக்கமுடியுமா? 2015-16இன் தேசிய மனநலக் கணக்கெடுப்பு, நோய் வகைக்கேற்ப நூற்றுக்கு 70 முதல் 92 பேர் வரை சிகிச்சையின்றித் தவிப்பதாகக் கூறிற்று. ஆள் வேண்டும், ஆயிரக்கணக்கில் வேண்டும்.

இந்நிலையில், உளவியலை அஞ்சல்வழியிலும் இணையவழியிலும் கற்பிக்கலாகாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2025இல் ஆணையிட்டது. நோயாளியைக் காணாமல் கற்கும் கலையன்று என்பதால் அது நியாயமே. ஆனால் வேலைக்குப் போய்க்கொண்டே அஞ்சலில் படித்த ஏழைப் பெண்ணுக்கு இனி வழி? ஒரு வாயிலை அடைத்தவர்கள் மறுவாயிலைத் திறக்கவில்லையென்றால், அவள் தனியார் வாசலில்தானே நிற்கவேண்டும்!

சென்னைப் பல்கலைக்கழகம் 1943லேயே உளவியல் துறை கண்டது. மாநிலக் கல்லூரியிலும் அத்துறை உண்டு. தலைநகருக்கு வாய்த்தது தென்கோடிக்கும் வாய்க்கட்டும். அரசுக் கல்லூரிகளில் உளவியல் இடங்களும், மாவட்ட மருத்துவமனையோடு இணைந்த பயிற்சியும், படித்தவருக்குப் பள்ளிகளில் பணியிடமும் கேட்டு நம் கிளைகள் தீர்மானம் நிறைவேற்றட்டும். அதுவரை, பட்டம் எதற்குத் தகுதி தரும், எதற்குத் தராது என்பதைத் தமிழில் அச்சிட்டுத் தரும்படி கல்விக்கூடங்களின் சேர்க்கை அலுவலகத்தில் நின்று கேளுங்கள். தர மறுத்தால், கட்டணத்தைக் கட்டாமல் திரும்புங்கள்.