குரங்கைப் பார்க்கப் போகும்முன்

காரவள்ளியில் தொடங்கும் கொல்லிமலைச் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். பல வளைவுகளில் தடுப்புச் சுவரின்மேல் குரங்குகள் வரிசையாக அமர்ந்து வண்டிகளை எதிர்நோக்கியிருக்கும். சென்ற ஆண்டு நண்பர்கள் நால்வர், நாமக்கல்லில் ஆஞ்சநேயரைத் தரிசித்துவிட்டு மலையேறினோம். எங்களுள் மூத்தவர் ஒரு வளைவில் வண்டியை நிறுத்தச் சொன்னார். பிரசாதமாகப் பெற்ற வடைகளில் ஒன்றை எடுத்து வெளியே நீட்டினார். குட்டியை வயிற்றில் ஏந்திய மந்தி ஒன்று தயங்கித் தயங்கி வந்தது. அதன் பின்னாலிருந்து பாய்ந்த கடுவன் மந்தியை அறைந்து விரட்டியது. வடையை விட்டுவிட்டுப் பையையே பறித்தது. பெரியவரின் புறங்கையில் இரண்டு நகக்கீறல்கள். சோப்பும் தண்ணீரும் கொண்டு கால்மணி நேரம் கழுவியபின், ஆகாய கங்கைக்குப் பதிலாக ஊசி போட ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனோம்.

குரங்கின்மேல் எங்களுக்குக் கோபமில்லை. ஆயத்தமின்றிப் போனவர்கள் நாங்கள்தாம். ஆனால் ஆயத்தம் என்றால் என்ன என்பதில்தான் எங்களுக்குள் சச்சரவு. கையில் கோல் வைத்திருப்பது, கண்ணாடியை ஏற்றிவிடுவது என நண்பர்கள் அடுக்கினார்கள். எல்லாமே நம்மைக் காத்துக்கொள்ளும் உபாயங்கள். நம்மிடமிருந்து அந்த விலங்கைக் காப்பது பற்றி ஒருவரும் பேசவில்லை.

விந்தை என்னவென்றால், இந்த அறிவு நாமக்கல்லுக்குப் புதிதன்று. முட்டைக்கோழிப் பண்ணைக்குள் அயலார் எவரும் நினைத்தபடி நுழைந்துவிட முடியாது. நல்ல பண்ணையில் வாசலிலேயே கிருமிநாசினித் தொட்டி இருக்கும். காலை அதில் நனைக்க வேண்டும். தீவன லாரியின் சக்கரங்களுக்கும் மருந்து தெளிப்பார்கள். 2006 பிப்ரவரியில் மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில் பறவைக் காய்ச்சல் கண்டபோது, இங்கே பண்ணையாளர்கள் தூக்கமிழந்தது பலருக்கு நினைவிருக்கும். மனிதனின் செருப்பில் நோய் ஏறி வரும் என்று கோழிக்காக அறிந்த ஊர், குரங்குக்கு அதே பாடத்தை ஏன் நீட்டிப் பார்க்கவில்லை? கோழிக்கு விலை உண்டு, குரங்குக்கு இல்லை என்பதைத் தவிர வேறு விடை எங்களுக்குத் தோன்றவில்லை.

உகாண்டாவில், விக்டோரியா ஏரியின் நடுவே இங்காம்பா என்றொரு சிறு தீவு. வேட்டையில் தாயை இழந்த, கள்ளச் சந்தையிலிருந்து மீட்கப்பட்ட சிம்பன்சிகளுக்கான சரணாலயம் அங்கே 1998 முதல் இயங்குகிறது. சாதாரணப் பார்வையாளர் மேடையில் நின்று, வேலிக்கு அப்பால் அவை உண்பதைப் பார்த்துத் திரும்ப வேண்டியதுதான். அவற்றுடன் நெருங்கிப் பழக அனுமதி கொடுத்த நாட்களில், வருகிறவரிடம் தட்டம்மை, போலியோ, ஹெப்படைட்டிஸ் தடுப்பூசிகளுக்குச் சான்று கேட்டார்கள். காசநோய் இல்லை என்ற பரிசோதனை முடிவும் வேண்டும். நம்மூரில் கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு விசாரிப்பதில்லை.

இது வெள்ளைக்காரர்களின் மிகையான அச்சம் என்று ஒதுக்கிவிட முடியாது. தான்சானியாவின் கோம்பேயில் ஜேன் குடால் ஆய்வு செய்துவந்த சிம்பன்சிக் கூட்டத்தை 1966இல் இளம்பிள்ளை வாதம் தாக்கியது. சில இறந்தன, சில முடமாயின. 2013இல் உகாண்டாவின் கிபாலே காட்டில் 56 சிம்பன்சிகள் கொண்ட ஒரு கூட்டத்தில் ஐந்து இறந்தன. காரணம், நமக்கு வெறும் சளி தரும் ஒரு வைரஸ். நாம் மூக்கைச் சிந்திவிட்டு மறந்துபோகிற ஒன்று! அவ்வளவு தூரம் போவானேன். 2021 ஜூனில் வண்டலூரில் கொரோனா தொற்றிய சிங்கங்களுள் இரண்டு மாண்டன.

சிம்பன்சி அரிய விலங்கு, நாட்டுக்குரங்கு தெருவுக்குத் தெரு உண்டே என்று கேட்கலாம். தென்னிந்தியாவுக்கு வெளியே எங்குமே இல்லாத இந்த இனத்தை அழிவாய்ப்புள்ளவற்றின் பட்டியலில் 2020இல் சேர்த்துவிட்டார்கள். சாலைகள் அகலமாகும்போது ஆலும் புளியும் சாய்கின்றன. மரத்திலிருந்தவை சுவருக்கும் சுவரிலிருந்து கூரைக்கும் வருகின்றன. கண்ணில் அதிகம் படுவதாலேயே அதிகம் இருப்பதாக நாம் எண்ணிக்கொள்கிறோம்.

இனி அந்த வடை. 'ஆஞ்சநேயருக்குப் படைச்ச வடைங்க தம்பி, அவரு பிள்ளைங்களுக்குக் கொடுத்தா என்னங்க தப்பு?' என்றார் பெரியவர், ஊசி போட்ட கையைத் தடவியபடி. எளிதில் புறந்தள்ளக்கூடிய கேள்வியன்று அது. பசித்த உயிருக்கு ஈவதை நம் மரபு அறமாகவே கொண்டிருக்கிறது. ஆயினும் கோம்பேயில் வாழைப்பழம் வைத்து சிம்பன்சிகளைப் பழக்கியபோது நிகழ்ந்தது என்ன? ஓரிடத்தில் கூட்டம் நெருங்கியது, சண்டை மிகுந்தது. பின்னாளில் அவ்வழக்கத்தைக் குறைத்து, இறுதியில் விட்டேவிட்டார்கள். அன்று எங்கள் வடைக்காக மந்தி வாங்கிய அறையும் அத்தகையதே. ஈகை வலியவனுக்குத்தான் போய்ச் சேர்ந்தது.

இன்னொன்றையும் பெரியவரிடம் சொன்னோம். நம் கையில் தின்று பழகிய குரங்கு, நாம் இறங்கிப் போனபின் பட்டினி கிடப்பதில்லை. மலையில் வாழையும் பலாவும் வைத்திருப்பவனின் தோட்டத்துக்குப் போகிறது, அவன் வீட்டு ஓட்டைப் பிரிக்கிறது. பிறகு கூண்டு வருகிறது, முன்பின் அறியாத காட்டில் கொண்டுபோய் விடுகிறார்கள். புண்ணியம் நமக்கு, செலவு அவனுக்கும் குரங்குக்கும்.

முகத்தைப் படிக்கவும் சற்றே கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. கண்ணுக்குக் கண் உற்று நோக்கினால் குரங்குக்கு அது சண்டைக்கு அழைப்பு. அது பல்லைக் காட்டும்போது நாம் சிரிப்பதாக எண்ணிப் படமெடுக்கிறோம். பெரும்பாலும் அது அச்சத்தின் அல்லது பணிவின் குறி. சிம்பன்சியிடமும் அப்படித்தான். குறுந்தொகையில் ஒரு மந்தி, தன் கடுவன் இறந்துபட, மரமேறக்கூடப் பழகாத குட்டியைச் சுற்றத்தாரிடம் ஒப்படைத்துவிட்டு மலையிலிருந்து பாய்ந்து உயிர்விடுகிறது. மந்தி அப்படிச் செய்யுமா என்று விலங்கியலாளர் ஐயுறலாம். அதற்கொரு கிளையும் சுற்றமும் உண்டென்று அறிந்த புலவன் தொலைவில் நின்று நெடுநேரம் பார்த்தவனாகவே இருக்க வேண்டும். தின்பண்டம் நீட்டியவனுக்கு அந்தக் காட்சி வாய்த்திராது.

எங்கள் யோசனை பெரிதொன்றுமில்லை. ஏற்காட்டுக்கும் கொல்லிமலைக்கும் ஏறுமுன் அடிவாரத்திலேயே தின்பண்டங்களைக் கட்டி வண்டியின் பின்பெட்டியில் வைத்துவிடலாம். சளியும் இருமலும் உள்ளவர் வண்டியைவிட்டு இறங்காதிருக்கலாம். பார்க்க விரும்பினால் தள்ளி நின்று, குழந்தைகளைக் கத்தவிடாமல், பத்து நிமிடம் பார்க்கலாம். அபராதப் பலகைகள் இருக்கட்டும். கோழிப்பண்ணை வாசலில் பலகையைப் பார்த்தா காலை நனைக்கிறோம்?

இந்த மாதம் அதே நால்வர் மீண்டும் போனோம். பெரியவர் வழக்கம்போல் வடை வாங்கினார், நாங்கள் வாய் திறக்கவில்லை. காரவள்ளி வந்ததும் அவரே பொட்டலத்தைப் பிரித்து ஆளுக்கு இரண்டாகக் கொடுத்தார். ஓட்டுநருக்கு மூன்று.